கோல்கீப்பரின் பெயர்

அக்டோபர் 6, திங்கள்

கேன்டீன் மென்பொருளும் இன்று ஆஸ்பத்திரியின் ஊழியர் டைரக்டரியோடு சேர்ந்துவிட்டது. இதோடு பதினொன்று. யாரும் எனக்கு மாலை போடப் போவதில்லை என்பதால் நானே இங்கே போட்டுக்கொள்கிறேன்.

காலையில் எக்ஸ்ரே பிரிவுக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். பணியாளர் பிரிவில் அவர் பெயரையும் அடையாள எண்ணையும் ஒரே ஒரு முறை பதிந்தார்கள். நான் ஒரு சுற்று மாத்தே டீ குடித்து முடிப்பதற்குள் அவருக்கு மின்னஞ்சல் வந்துவிட்டது. கதவு அவர் அட்டைக்குத் திறந்தது. வருகைப்பதிவில் இருந்தார். மதியம் கேன்டீன் திரையில் அவர் பெயருக்கு நேரே ஒரு தட்டு மிலனேசா வறுவல் காத்திருந்தது. அவருக்கு இதெல்லாம் ஆச்சரியமாகவே தெரியவில்லை. அதுதான் எனக்குப் பெருமை. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் யார் ஆச்சரியப்படுகிறார்கள்?

முன்பெல்லாம் ஒரு ஆள் சேர்ந்தால் பதினோரு இடத்தில் தனித்தனியாக எழுதுவார்கள், ஒவ்வொன்றும் ஒரு தினுசாக இருக்கும். வேலையை விட்டுப் போனவரின் அட்டைக்கு மருந்து அலமாரி மாதக்கணக்கில் திறந்துகொண்டே இருக்கும். இப்போது சால்ட்டோ நகரில் எங்கள் ஆஸ்பத்திரியும் மூன்று கிளினிக்குகளும் ஒரே டைரக்டரியைப் பார்த்துத்தான் யார் யார் என்று தெரிந்துகொள்கின்றன. அந்த டைரக்டரியைப் பார்த்துக்கொள்பவள் நான்.

வீட்டில் குவால்பெர்த்தோவிடம் சொன்னேன். என் கணவருக்கு ஆரஞ்சுத் தோப்பைத் தவிர எதுவும் ஏறாது. "அப்ப நீ ஊர்வம்பு மெஷின் ஒண்ணு செஞ்சிருக்கேன்னு சொல்லு. ஒரு காதுல போட்டா ஊருக்கே தெரிஞ்சிரும்" என்றார். வம்பு வாய்க்கு வாய் மாறும், என்னுடையது மாறாது என்றேன்.

அக்டோபர் 8, புதன்

லெயோனோர் வந்திருந்தாள். ஆபரேஷன் தியேட்டரில் கருவிகள் எடுத்துக் கொடுக்கும் நர்ஸ். எங்கள் ஆஸ்பத்திரியின் முதல் திருநங்கை என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து, அந்தத் தியேட்டரிலேயே கைவேகம் உள்ளவள் என்றுதான் முதலில் சொல்ல வேண்டும். பதிவு அலுவலகத்தில் பெயர் மாற்றம் முடிந்து புது அடையாள அட்டை கிடைத்துவிட்டதாம். ஒரு பொட்டலம் பிஸ்கோச்சோ பலகாரத்தை என் மேசையில் வைத்தாள். அட்டையை வைக்கவில்லை, கையில் பிடித்துக்கொண்டே காட்டினாள்.

பணியாளர் பிரிவில் பெயரை மாற்றினார்கள். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டாள். நீ மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் என்றேன். நம்பவில்லை. வா என்று கூடவே போனேன்.

கதவில் லெயோனோர். வருகைப்பதிவில் லெயோனோர். தியேட்டர் வாசலில் உள்ள பெரிய திரையில், இரண்டாம் எண் அறை, கருவி நர்ஸ், லெயோனோர். அவள் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் பாய்வா கை கழுவியபடியே திரையை ஒரு முறை பார்த்துவிட்டு, "லெயோனோர், உள்ள வர்றியா, இல்ல நானே நூல் கோத்துக்கணுமா?" என்றார். அவள் ஓடினாள்.

பழைய பெயரை இந்த நோட்டில் எழுத மாட்டேன். தேவையே இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

பழைய பெயர் திரும்பி வந்துவிட்டது.

தியேட்டர் திரை, தொலைபேசி, கேன்டீன், இந்த மூன்றில் மட்டும். மின்னஞ்சலில் சரியாக இருக்கிறது. கதவில் சரியாக இருக்கிறது. ஏன் இந்த மூன்று? கையால் திருத்திவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

நேற்றும் வந்தது. திருத்தினேன். இன்று லீவு. இருந்தும் போய்ப் பார்த்தேன் — மறுபடியும் அதே பெயர். எவனோ இரவில் வந்து என் சுவரில் கரி பூசிவிட்டுப் போவது மாதிரி இருக்கிறது. என் வீட்டுக்குள்ளே எனக்குத் தெரியாமல் யாருடா? யார்கிட்ட சாவி இருக்கு?

பிரமாதமாக மார்தட்டிக்கொண்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

நேற்று கேன்டீனில் நடந்ததை இன்றுதான் கேள்விப்பட்டேன். திரையில் வந்த பழைய பெயரைப் பரிமாறுகிற பெண் சத்தமாகக் கூப்பிட்டிருக்கிறாள். அவள் மேல் தப்பில்லை, திரையில் இருப்பதைத்தானே படிப்பாள். வரிசையில் யாரோ சிரித்திருக்கிறார்கள். லெயோனோர் தட்டை எடுக்காமலேயே போய்விட்டாளாம்.

தலைமை நர்ஸ் சுல்மா இன்று அவளைக் கூப்பிட்டு, இந்தக் கம்ப்யூட்டர் குழப்பம் தீரும்வரை அடித்தளத்தில் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்குப் போகிறாயா என்று கேட்டிருக்கிறாள். அங்கே திரை கிடையாது, நோயாளியின் உறவினர்கள் கிடையாது, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். உன் நன்மைக்குத்தான் என்றாளாம். மாதக் கடைசிவரை பார்க்கலாம், அதற்குள் சரியாகாவிட்டால் நவம்பர் அட்டவணையில் உன்னைக் கீழே போட்டுவிடுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறாள்.

லெயோனோர் என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம். "கீழ போனவங்க யாரும் மேல வந்து நான் பாத்ததில்ல, நிபியா" என்று மட்டும் சொன்னாள்.

பன்னிரண்டு வருஷம் தியேட்டரில் நின்றவள். என் டைரக்டரியால் அவள் அடித்தளத்துக்குப் போவதா? நடக்காது. நடக்க விடமாட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

பிடித்துவிட்டேன்.

அந்த மூன்று மென்பொருள்களும் பதிவுப் பெயரைக் காட்டுவதில்லை. டைரக்டரியில் "அழைக்கும் பெயர்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஏதாவது இருந்தால் அதைத்தான் காட்டும். அதனால்தான் ஆம்புலன்ஸ் டிரைவர் கூப்பிட்டால் போனில் "எருது" என்று வருகிறது, மருந்தகத்து ரொதோல்ஃபோ கூப்பிட்டால் "மொட்டை" என்று வருகிறது. அவரவர் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய பட்டப்பெயர் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

யாரும் கேட்டு வாங்கவில்லை. எழுதுவது கால்பந்து லீக்.

ஆமாம், ஆஸ்பத்திரி ஊழியர்களின் கால்பந்து லீக். ஐந்து பேர் ஆடும் ஆட்டம், ஆண் பெண் கலந்து. அதற்கென்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. டைரக்டரியிலிருந்து ஆட்களை அது படித்துக்கொள்கிறது என்று நினைத்திருந்தேன். படிப்பதோடு நிற்கவில்லை, தினமும் இரவில் எழுதவும் செய்கிறது. அதுவும் பணியாளர் பிரிவுக்கு மேலான உரிமையோடு! பணியாளர் பிரிவு லெயோனோர் என்கிறது, பகல் முழுக்க லெயோனோர் இருக்கிறாள். இரவில் லீக் வந்து, எங்கள் வீரர் பதிவில் இவருக்கு இதுதான் பெயர் என்று அழித்து எழுதிவிட்டுப் போகிறது. இரண்டு பேர் வெவ்வேறு பெயர் சொன்னால் யார் பேச்சைக் கேட்பது என்று ஒரு வரிசை வைத்திருப்போம். அந்த வரிசையில் எல்லோருக்கும் மேலே, அரியணையில், கால்பந்து லீக்.

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த அன்செல்மோவுக்குப் போன் போட்டேன். ஓய்வு பெற்று தைமான் பக்கம் வெந்நீர் ஊற்றில் ஊறிக்கொண்டிருக்கிறார். விழுந்து விழுந்து சிரித்தார். வீரர் பட்டியலில் பட்டப்பெயர் வரவேண்டும் என்று லீக்காரர்கள் கேட்டார்களாம், பணியாளர் பிரிவு அதை அழித்துக்கொண்டே இருந்ததாம், அதனால் லீக்கை மேலே தூக்கி வைத்தாராம். "நான் அப்ப சென்டர் ஃபார்வர்டு, பொண்ணே. வேற என்ன பண்ணச் சொல்றே?" என்றார்.

பதினொன்று பதினொன்று என்று பீற்றிக்கொண்டேன். லீக்கோடு பன்னிரண்டு.

அக்டோபர் 17, வெள்ளி

லீக் தலைவர் எபெரிடம் போனேன். ஆம்புலன்ஸ் டிரைவர்களின் தலைவரும் அவர்தான். "எருது" என்று போனில் வருவதும் அவரேதான். ஆம்புலன்ஸ் கொட்டகையில் தெர்மாஸும் கையுமாக உட்கார்ந்திருந்தார். வீரர் பதிவில் ஒரு பெயரை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

முடியாது என்றார். சீசன் ஆரம்பித்துவிட்டால் பதிவு பூட்டப்படும், யார் பெயரையும் தொடக்கூடாது, அது விதி. விதி எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியும். நாலு வருஷம் முன்னால் சமையற்கட்டு அணி, முதுகுவலியால் படுத்திருந்த ஒருவரின் பெயரில் வெளியூர்க் கிளப் ஆட்டக்காரன் ஒருவனைக் கொண்டுவந்து இறக்கியது. பத்து கோல் போட்டான். கோப்பையைத் திருப்பி வாங்கப் பெரிய ரகளையே நடந்தது. அதிலிருந்து பெயர் விஷயத்தில் எபெர் கல்லாக இருக்கிறார்.

"ஒருத்தருக்கு மாத்தினா நாளைக்கு எதிரணி புள்ளியைக் குடுன்னு வந்து நிப்பான். லெயோனோர் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல தாயே. வேணும்னா அவளைப் பதிவுலேருந்து எடுத்துடறேன். பேரும் போயிரும், உன் தலைவலியும் போயிரும்."

திரும்பி வரும்போது யோசித்தேன். அவர் சொல்வது வேலை செய்யும். பதிவில் ஆள் இல்லாவிட்டால் அழைக்கும் பெயர் காலியாகிவிடும், காலியானால் பதிவுப் பெயர் வந்துவிடும். ஒரு வரியை நீக்கினால் போதும். இன்றைக்கே முடிந்துவிடும்.

அக்டோபர் 20, திங்கள்

அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

லெயோனோர் தியேட்டர் அணியின் கோல்கீப்பர். அவர்கள் இந்த முறை அரையிறுதிக்கு வந்திருக்கிறார்கள். எனக்குக் கால்பந்து பிடிக்காது, எப்போது எந்த ஆட்டம் என்றும் தெரியாது. அதனால் ஒரு சீசன்தானே, அடுத்த வருஷம் புதுப் பெயரில் சேர்ந்துகொள்ளலாமே என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன்.

கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "சுல்மா என்னைத் தியேட்டர்லேருந்து எடுத்தா தீரும்ங்கறா. எபெர் டீம்லேருந்து எடுத்தா தீரும்ங்கறார். நீயும் எடுக்கத்தான் சொல்றே. எல்லாருக்கும் எப்படி ஒரே மருந்து தோணுது?"

வீட்டுக்கு வந்து குவால்பெர்த்தோவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அவர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

அழுகை வந்தது. சரி. அழுதாச்சு. இனிமேல் வேலை.

அக்டோபர் 22, புதன்

ஒரு வரியை நீக்குவது ஒட்டுப்போடுகிற வேலை. அரியணையில் உட்கார்ந்திருப்பதே தப்பான ஆள் என்றால் ஆளைத்தான் இறக்க வேண்டும்.

எழுதிப் பார்த்தேன். பதிவுப் பெயர் என்ன என்று சொல்ல வேண்டியது பணியாளர் பிரிவு. என்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்ல வேண்டியது — நான். அதாவது அவரவர். ஆளுக்கு ஒரு பக்கம் திறந்து கொடுத்தால் அதில் அவர்களே எழுதிக்கொள்வார்கள், டைரக்டரி அதை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகும். லீக் எழுதக்கூடாது, படிக்க மட்டும்தான். கேட்பதற்கு இவ்வளவு சுலபமாக இருக்கிறது, இதை ஏன் யாரும் முதலிலேயே செய்யவில்லை?

ஆனால் லீக் வாயை மூடினால் முந்நூற்றுச் சொச்சம் பேரின் பட்டப்பெயர் ஒரே நாளில் மறையும். ஆஸ்பத்திரி என்னைச் சும்மா விடாது. இயக்குநரின் கையெழுத்து வேண்டும்.

அக்டோபர் 24, வெள்ளி

இதை விரிவாக எழுதியே ஆக வேண்டும்.

இயக்குநர் டாக்டர் சில்வானா பெந்தாங்கோர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பத்து நிமிஷம் கொடுத்தார். நான் சொல்லி முடித்ததும், ஒரு ஆளுக்காக ஆஸ்பத்திரி முழுவதையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டார். அவர் கேட்பார் என்று தெரியும். அவளுக்கு ஒரு தப்பான பெயர் போகிறது என்று நமக்குத் தெரிந்துவிட்டது, மற்றவர்களுக்கு என்ன போகிறது என்று நமக்கே தெரியாது, அதுதான் பிரச்சினை என்றேன். பட்டப்பெயர்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்றார்.

பிறகு, சும்மா ஒரு பேச்சுக்கு, "எனக்கு இருக்கா?" என்று கேட்டார்.

அவர் ஆடியதே இல்லை. ஆனால் ஒரு வருஷம் இறுதி ஆட்டத்தில் முதல் பந்தை உதைத்துத் தொடங்கி வைத்தார், அப்போது கௌரவ வீரராகப் பதிவில் சேர்த்துவிட்டார்கள். சொல்ல வாய் வரவில்லை. ஆஸ்பத்திரி எனக்குத் தந்திருக்கும் கைப்பேசியை அவர் கையில் கொடுத்து, மேசையில் இருக்கும் போனிலிருந்து எனக்கு அடிக்கச் சொன்னேன். அடித்தார். திரையில் வந்தது: பனிக்கட்டி.

இந்த ஆஸ்பத்திரியில் அவர் யாரைக் கூப்பிட்டாலும், மூன்று வருஷமாக, போனில் பனிக்கட்டி என்றுதான் வருகிறது. அவருக்கு மட்டும் தெரியாது. அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "அதான் போனை எடுக்கும்போதே எல்லாரும் சிரிச்ச குரல்ல பேசறாங்களா. நான் நல்லா பழகறேன்னு நினைச்சிட்டிருந்தேன்."

காகிதத்தை என் பக்கமிருந்து இழுத்துக் கையெழுத்துப் போட்டார். மாதக் கடைசியில் நவம்பர் அட்டவணை போடும் சுல்மாவிடம், இது முடியும்வரை யாரையும் எங்கேயும் மாற்ற வேண்டாம் என்று அவரே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். கதவுவரை வந்துவிட்டேன், "நிபியா, எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் டாக்டர் என்றேன். பொய் சொல்ல மனசு வரவில்லை.

அக்டோபர் 29, புதன்

டைரக்டரியின் நகல் ஒன்றில் ஒத்திகை பார்த்தேன். நல்லவேளை பார்த்தேன். லீக்கின் வாயை மட்டும் மூடினால் அது கடைசியாக எழுதிவிட்டுப் போனது அப்படியே நின்றுவிடுகிறது, பழைய பெயர் உறைந்துபோகும். முதலில் துடைக்க வேண்டும், பிறகு மூட வேண்டும், பிறகுதான் எல்லா மென்பொருளுக்கும் புதிதாக அனுப்ப வேண்டும். இந்த வரிசை மாறினால் எல்லாம் வீண்.

மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் சுத்தமாக வந்தது. இந்த ஊரில் இதை இவ்வளவு சுத்தமாகச் செய்ய என்னை விட்டால் ஆள் இல்லை. இருந்தால் வரட்டும், மாத்தே தருகிறேன்.

வெளியே மழை. குவால்பெர்த்தோ தோர்த்தா ரொட்டி பொரித்தார். சமாதானமாகிவிட்டோம்.

நவம்பர் 3, திங்கள்

இன்று ஆஸ்பத்திரியில் கலவரம்.

நேற்றே மாற்றிவிட்டேன். காலையில் முதல் ஷிப்டு வந்ததும் ஆரம்பித்தது. போன் அடித்தால் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. ரத்தப் பரிசோதனையிலிருந்து வால்தெமார் ஃபெரெய்ரா என்று ஒருவர் கூப்பிடுகிறாராம், யார் அது என்று தியேட்டரில் குழப்பம். இருபது வருஷமாக அவரை "கொக்கு" என்று கூப்பிட்டவர்கள்தான் கேட்கிறார்கள். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் எபெர் ஒல்லாகரை என்ற பெயரைப் பார்த்துப் புது ஆள் என்று நினைத்து அடையாள எண் கேட்டிருக்கிறார்கள்.

அந்த எபெர் என் அறைக்கு வந்தார். வரும்போதே சத்தம். "எருதை எங்கடி கொண்டு போய் ஒளிச்சு வச்சே?"

உட்காருங்கள் என்றேன். அவருக்கான பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள். இரண்டு விரலால் தட்டினார். எருது. மேலே ஆம்புலன்ஸ் அறைக்குப் போன் போட்டுப் பார்த்தார், எருது என்றே வந்தது. "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

மதியத்துக்குள் பாதிப் பேர் தங்கள் பட்டப்பெயரைத் தாங்களே திரும்பப் போட்டுக்கொண்டார்கள். கொக்கு கொக்காகவே வந்துவிட்டார். ஆனால் மருந்தகத்து ரொதோல்ஃபோ மட்டும் போடவில்லை. உதவி வேண்டுமா என்று கேட்கப் போனேன். மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே, "வேணாம். எனக்கு அது எப்பவுமே பிடிக்காது. யாரும் கேக்கல, அதான்" என்றார். இருபத்தாறு வயதில் முடி கொட்டிய மனுஷன். பத்தொன்பது வருஷமாக மொட்டை, மொட்டை என்று கூப்பிட்டிருக்கிறோம். நானும்தான்.

லெயோனோருக்கு நான் பக்கத்தைத் திறந்து கொடுக்கவில்லை. அவளே திறந்து, அவளே எழுதியிருந்தாள்.

நவம்பர் 4, செவ்வாய்

விடியும் முன்பே எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். தியேட்டர் திரை. லெயோனோர்.

நவம்பர் 5, புதன்

லெயோனோர்.

நவம்பர் 6, வியாழன்

லெயோனோர். நாளையிலிருந்து போய்ப் பார்க்க மாட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

போனேன். இருக்கிறாள்.

நவம்பர் 12, புதன்

புது அட்டவணையில் லெயோனோரை இடுப்பெலும்பு மாற்று அறுவைகள் எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறாள் சுல்மா. அடித்தளம் பற்றி ஒரு பேச்சும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அறுவைக்கு நாலு மணி நேரம் நிற்க வேண்டும். லெயோனோர் கால் வலிக்கிறது என்று புலம்பினாள். அந்தப் புலம்பலைக் கேட்க எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று அவளிடம் சொல்லவில்லை.

இன்னொன்று. இன்று இயக்குநர் கூப்பிட்டார். போன் திரையில் பனிக்கட்டி என்று வந்தது. என் வேலையில் ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்து ஓடிப்போய்ப் பார்த்தேன். ஓட்டை ஒன்றுமில்லை. போன வாரம் அவரே தன் பக்கத்தில் அதை எழுதி வைத்திருக்கிறார்.

நவம்பர் 19, புதன்

தியேட்டர் அணி அரையிறுதியில் ஜெயித்துவிட்டது, பெனால்டியில். அந்த ஆட்டத்தின் பட்டியல் அக்டோபரிலேயே போய்விட்டது, இப்போதுதான் சிக்கல். இறுதி ஆட்டத்துக்கு லீக் மென்பொருள் அணிப் பட்டியலை டைரக்டரியிலிருந்து படிக்கும், அதில் லெயோனோர் என்று வரும். பூட்டிய பதிவில் இருப்பது பழைய பெயர். எதிரணி ஆம்புலன்ஸ்காரர்கள், அதாவது எபெரின் சொந்த அணி. அவர்கள் புகார் கொடுத்தால்?

எபெர் தானே வந்தார். ஒரு பொட்டலம் தோர்த்தாவோடு. ஆளை மாற்றிக் கொண்டுவருவதைத் தடுக்கத்தானே பூட்டினீர்கள் என்று கேட்டேன். ஆமாம் என்றார். அப்படியானால் பெயரைப் பூட்டி என்ன பயன்? சமையற்கட்டுக்காரர்கள் சரியான பெயரில்தானே தப்பான ஆளை இறக்கினார்கள்? அடையாள எண்ணைப் பூட்டுங்கள். மைதானத்தில் அட்டையை நீட்டச் சொல்லுங்கள். எண்ணும் முகமும் ஒத்துப்போனால் அதே ஆள்தான். டைரக்டரியும் அப்படித்தான் ஆளைத் தெரிந்துகொள்கிறது, பெயர் எத்தனை முறை மாறினாலும்.

"அந்த எண் மாறவே மாறாதா?"

செத்தாலும் மாறாது என்றேன். மெல்ல மென்றுகொண்டே யோசித்தார். லீக் கூட்டத்தில் பேசுகிறேன் என்றார். என்ன பேசுவார் என்று அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நவம்பர் 29, சனி

மைதானத்துக்குப் போனேன். நானே போனேன் என்றால் பார்த்துக்கொள்ள வேண்டும். குவால்பெர்த்தோ நாற்காலி, ஒரு பை ஆரஞ்சு எல்லாம் தூக்கிக்கொண்டு கூட வந்தார். ஒரு பக்கம் சோரிசோ இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள், புகை முழுக்க எங்கள் மேல்.

எபெர் கையில் மைக். ஆம்புலன்ஸ் அணிக்கு அவரே கேப்டன், லீக்குக்கும் அவரே தலைவர். முதலில் ஆடுகிறவர்களை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவரின் அட்டையையும் வாங்கி எண் பார்த்தார். லெயோனோரின் அட்டையை மற்றவர்களுடையதைப் பார்த்த அதே நேரம்தான் பார்த்தார், கூடவும் இல்லை குறைவும் இல்லை. பிறகு அணிகளைப் படிக்க ஆரம்பித்தார். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதை அனுப்பியதே என் டைரக்டரிதான். ஆனால் காகிதத்தில் இருப்பதை வாய் சொல்ல வேண்டுமே? வாய்க்கு நான் எந்த விதியும் எழுத முடியாதே?

"தியேட்டர் அணி. கோல்கீப்பர், லெயோனோர்."

அவ்வளவுதான். அடுத்த பெயருக்குப் போய்விட்டார். நிறுத்தவில்லை, இருமவில்லை, குரலை ஏற்றவில்லை. நான் கை தட்டினேன். குவால்பெர்த்தோ என்னைத் திரும்பிப் பார்த்து, இன்னும் ஆட்டமே ஆரம்பிக்கவில்லை என்றார். தெரியும் என்றேன். இன்னும் தட்டினேன்.

ஆட்டம் மூன்றுக்கு இரண்டு, தோற்றுவிட்டார்கள். மூன்றாவது கோல் எபெர் அடித்தது. நேராக லெயோனோரின் இரண்டு காலுக்கும் நடுவே உருண்டு போனது. சும்மா உருண்டது. நான்கூடப் பிடித்திருப்பேன்.

டிசம்பர் 1, திங்கள்

காலையில் மாடிப்படி ஏறும்போதே காதில் விழுந்தது. எக்ஸ்ரே வாசலில் இரண்டு பேர், அந்தப் பந்தை லெயோனோர் எப்படி விட்டாள் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மருந்தகத்தில் ரொதோல்ஃபோவும் அதையேதான் பேசினார். சுல்மா, கருவி எடுக்கும்போது இருக்கிற கை கோல் பிடிக்கும்போது எங்கே போகிறது என்று கேட்டாள். டாக்டர் பாய்வா கை கழுவிக்கொண்டே, "லெயோனோர், இன்னிக்காவது காலைச் சேத்து வச்சுக்கிட்டு நில்லு" என்றார்.

கேன்டீனில் பரிமாறுகிற பெண் திரையைப் பார்க்கக்கூட இல்லை. வரிசையின் கடைசியில் நின்ற லெயோனோரை முன்னால் கூப்பிட்டு, தட்டை நீட்டி, "லெயோனோர், உன்னால எங்க வீட்டுக்காரர் என்கிட்ட பந்தயத்துல தோத்துட்டாரு, ஒரு வாரம் பாத்திரம் அவர்தான் தேய்க்கணும்" என்று நன்றி சொன்னாள். பக்கத்து மேசையில் தியேட்டர் அணிக்காரர்கள் அவளை இன்னும் மோசமாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் மிலனேசாவை வெட்டியபடி, வெயில் கண்ணில் பட்டது, தரை வழுக்கியது, பந்தில் காற்று குறைவு என்று வாய் ஓயாமல் சண்டை போட்டாள்.

இன்று முழுக்க ஆஸ்பத்திரியே லெயோனோரைத் திட்டியது. ஒருவர்கூடப் பெயர் மாற்றித் திட்டவில்லை.